எதற்குக் கொடுப்பது, எப்போது கொடுப்பது: முதல் செடான் வாங்குபவருக்கு

போன மார்கழியில் என் அக்கா மகன் இரண்டு கொட்டேஷன் தாளோடு காவேரிப்பட்டினம் வந்தான். பாலக்கோட்டில் வீடு, ஓசூரில் வேலை. ராயக்கோட்டை வழியாக வாரத்தில் ஐந்து நாள் போய்வருகிறவன். ஐந்து வருடம் ஓட்டிய சின்ன காரைக் கொடுத்துவிட்டு ஒரு நடுத்தர செடான் எடுப்பது என்று முடிவாகியிருந்தது.

"மாமா, ரெண்டு தாளும் ஒரே காருக்குத்தான். இது டாப் வேரியன்ட். பிப்ரவரியில தயாரான வண்டி, டிசம்பருக்குள்ள பில் போட்டா 80,000 தள்ளுபடி. இது நடு வேரியன்ட். தை பொறந்ததும் புது வருஷ வண்டியா வரும், தள்ளுபடி கிடையாது. எதை எடுக்கட்டும்?"

"மாப்பிள்ளை, இதுல ரெண்டு கேள்வி ஒட்டிக்கிட்டு இருக்கு. முதல்ல அதைப் பிரி" என்றேன்.

எந்த வசதிக்குப் பணம் கொடுப்பது என்பது ஒரு கேள்வி. எப்போது வாங்குவது என்பது வேறு கேள்வி. ஷோரூமில் இரண்டையும் கலந்துதான் நம் முன்னால் வைப்பார்கள். "இவ்வளவு வசதி, இந்த மாசம் மட்டும் இந்த விலை" என்று கேட்டதும் மனது கணக்குப் போடுவதை நிறுத்திவிடும். அவனோடு உட்கார்ந்து அன்று பிரித்துப் பார்த்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். முதல் தடவையாகப் பெரிய கார் எடுக்கிறவர்களை மனதில் வைத்து எழுதியது.

செடான் என்பது எது

பக்கவாட்டில் நின்று பார்த்தால் மூன்று பெட்டி தெரியும். முன்னால் இன்ஜின், நடுவில் ஆட்கள், பின்னால் தனியாக டிக்கி. டிசையர், அமேஸ், ஆரா எல்லாம் செடான்தான். ஆனால் 4 மீட்டருக்குள் அடங்குவதற்காக டிக்கியைச் சுருக்கியவை. நீளம் 4 மீட்டருக்குள் இருந்து இன்ஜினும் சிறியதாக இருந்தால் வரி குறைவு, அதனால்தான் அந்த வெட்டு. நடுத்தர செடான் நாலரை மீட்டரைத் தாண்டும். ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வேகன் வெர்டஸ் ஆகியவை இந்த வகை. பெட்ரோல் வண்டிகளில் டிக்கி 500 லிட்டருக்கு மேல் இருக்கும். மாம்பழ சீசனில் பெங்களூரு சொந்தக்காரர்களுக்கு நாலைந்து பெட்டி கொண்டுபோகிறவர்களுக்கு அந்த இடத்தின் அருமை தெரியும்.

டீசல் கேட்டுப் போகாதீர்கள். 2023இல் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது வெர்னாவிலும் சிட்டியிலும் டீசலை நிறுத்திவிட்டார்கள். மற்ற இரண்டிலும் முதலிலிருந்தே இல்லை. சிட்டியில் ஹைபிரிட் ஒன்று உண்டு, மைலேஜ் மிக நன்றாக இருக்கும். ஆனால் பேட்டரி டிக்கியில் கணிசமான இடத்தைத் தின்றுவிடும்.

உங்கள் ரோட்டை எழுதுங்கள்

காரைப் பார்ப்பதற்கு முன்னால், ஒரு மாதத்தில் எந்த ரோட்டில் எத்தனை கிலோமீட்டர் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. வருடத்துக்கு ஒரு முறை போகும் ஊட்டியை நினைத்து வண்டி எடுத்துவிட்டு, தினமும் போகும் ரோட்டில் அவதிப்படுகிறார்கள்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் ரோடு ஒரே மாதிரி இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போனால் நல்ல நெடுஞ்சாலை, ஆனால் தொடர்ந்து மேடு ஏறுகிறோம். தர்மபுரியிலிருந்து சேலம் போனால் தொப்பூர் கணவாய் இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் வந்து இடிப்பதால் எத்தனை உயிர் போன இடம் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல், அஞ்செட்டிப் பக்கம், அரூர் உள்கிராமங்கள் என்று போனால் வளைவும் வேகத்தடையும்தான். எங்கள் ஊர்ப் பக்கம் சில வேகத்தடைகளை யார் எந்த அளவில் போட்டார்கள் என்றே தெரியாது.

இந்த ஒவ்வொரு ரோடும் காரிடம் ஒவ்வொன்று கேட்கும்.

மேடு ஏறுவதற்கு டார்க் வேண்டும், அதாவது சக்கரத்தைத் திருப்பும் விசை. சிட்டியின் 1.5 லிட்டர் இன்ஜின் 121 குதிரைத்திறன் கொடுக்கிறது. ஸ்லாவியாவின் 1 லிட்டர் டர்போ, அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் இன்ஜின், 115தான். தாளில் பார்த்தால் சிட்டி பெரிது. ஆனால் சிட்டியின் முழு டார்க் 145 நியூட்டன் மீட்டர், அதுவும் இன்ஜின் நிமிடத்துக்கு 4,300 சுற்றுச் சுற்றும்போதுதான் வரும். ஸ்லாவியாவில் 178, அது 1,750 சுற்றிலேயே கிடைத்துவிடும். அதனால் நாலு பேரோடு சூளகிரி மேட்டில் லாரியைத் தாண்டும்போது டர்போ வண்டி கியரை இறக்காமலே இழுக்கும். டர்போ இல்லாத இன்ஜினைக் கியர் இறக்கி முறுக்க வேண்டும். இதில் ஒன்று நல்லது, மற்றது கெட்டது என்று சொல்ல வரவில்லை. டர்போ இல்லாத இன்ஜினில் பாகங்கள் குறைவு, ஓட்டமும் மிருதுவாக இருக்கும். நிதானமாக ஓட்டுகிறவருக்கு அது போதும். குதிரைத்திறன் எண்ணை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

கியரும் அப்படித்தான். ஓசூர், அத்திப்பள்ளி நெரிசலில் தினமும் ஊர்கிறவருக்கு ஆட்டோமேட்டிக் பெரிய நிம்மதி. ஆனால் ஆட்டோமேட்டிக்கில் மூன்று வகை இருக்கின்றன. சிட்டியிலும், வெர்னாவின் சாதாரண இன்ஜினிலும் இருப்பது பெல்ட் வகை. மிருதுவாகப் போகும், அவசரமாக மிதித்தால் இன்ஜின் சத்தம் முதலில் வரும், வேகம் பிறகு வரும். ஸ்லாவியா, வெர்டஸின் 1 லிட்டரில் இருப்பது டார்க் கன்வர்ட்டர். பழைய முறை, உறுதியானது. பெரிய டர்போ இன்ஜின்களில் வருவது இரட்டை கிளட்ச். திறந்த ரோட்டில் அதற்கு நிகர் இல்லை, ஆனால் அங்குலம் அங்குலமாக ஊரும் நெரிசல் அதற்குப் பிடிக்காது, சூடேறும். எந்த ஆட்டோமேட்டிக் எடுத்தாலும் கியரைக் கையால் இறக்கி வைக்கும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி கீழ் கியரில் இறங்க வேண்டும்.

தரையிலிருந்து வண்டியின் அடிப்பாகம் இருக்கும் உயரம், கிரவுண்ட் கிளியரன்ஸ், இந்த வகைக் கார்களில் 165 முதல் 179 மில்லிமீட்டர் வரை. இது ஆள் ஏறாத கணக்கு. ஐந்து பேரும் டிக்கி நிறைய சாமானும் ஏறினால் இன்னும் இறங்கும். அதனால் டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டாரை ஏற்றிக்கொண்டு, உங்கள் தெரு வேகத்தடையிலேயே ஏற்றி இறக்கிப் பாருங்கள். "நெடுஞ்சாலையில் ஒரு ரவுண்டு போதும் சார்" என்பார்கள். போதாது.

இன்னொன்று, யாரும் பிரசுரத்தில் போடாதது. செடானின் சீட் தாழ்வு. முட்டிவலி இருக்கும் அம்மா, மாமியார் வீட்டில் இருந்தால் அவர்களை ஷோரூமுக்கே கூட்டிப்போய்ப் பின் சீட்டில் உட்காரவைத்து, கை கொடுக்காமல் எழுந்து வரச் சொல்லுங்கள். எழ முடியவில்லை என்றால் மற்ற வசதி எல்லாம் இருந்தும் பயன் இல்லை, உயரமான வண்டியைப் பார்ப்பதே நல்லது. என் அக்காவுக்கு முட்டிவலி உண்டு. அந்தச் சோதனையை முடித்த பிறகுதான் மற்றதைப் பேசினோம்.

பிறகு மாட்ட முடியாதவை

ஒரே காரை நாலைந்து படியாக விற்பார்கள். அந்தப் படிகளுக்குப் பெயர்தான் வேரியன்ட். கீழ்ப் படியில் அவசியமானவை இருக்கும். மேலே போகப் போக வசதி கூடும், விலையும் கூடும். சிக்கல் என்னவென்றால் தனித்தனியாக எடுக்க விடமாட்டார்கள். உங்களுக்கு வேண்டிய ஒரு பொருள், வேண்டாத ஐந்து பொருளோடு சேர்ந்து அடுத்த படியில் உட்கார்ந்திருக்கும்.

இதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: வண்டி வாங்கிய பிறகு வெளியில் மாட்ட முடியுமா? முடியாததற்கு முதலில் பணம் ஒதுக்குங்கள்.

இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டையும் மாற்ற முடியாது. ஏர்பேக்கைப் பிறகு போட முடியாது. இப்போது இந்த வகையில் ஆறு ஏர்பேக் கீழ்ப் படியிலேயே வந்துவிட்டது நல்ல காலம். ஆனாலும் உங்கள் தாளில் அந்த வேரியன்டுக்கு நேராக எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வளைவில் வண்டி சறுக்கினால் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடித்து நேராக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல், பின் சீட்டில் நடுவில் உட்காருபவருக்கும் மூன்று முனை பெல்ட், தலை தாங்கும் ஹெட்ரெஸ்ட், குழந்தை சீட் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி, பின்பக்க ஏசி துவாரம், நல்ல ஹெட்லைட், இவை எல்லாம் தொழிற்சாலையிலேயே வர வேண்டியவை. ஹெட்லைட்டைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ராயக்கோட்டை ரோட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு விளக்கில்லாத சைக்கிளும், ரோட்டைக் கடக்கும் மாடும் எதிரே வரும். ஷோரூமின் வெளிச்சத்தில் எந்த விளக்கும் அழகாகத்தான் இருக்கும். முடிந்தால் இருட்டிய பிறகு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

விபத்துச் சோதனை மதிப்பெண்ணும் இந்த வரிசையில்தான் வரும். உலக அளவிலான குளோபல் என்கேப் சோதனையில் ஸ்லாவியா, வெர்டஸ், வெர்னா மூன்றுமே 2023இல் பெரியவர்கள் பாதுகாப்புக்கும் குழந்தைகள் பாதுகாப்புக்கும் 5 நட்சத்திரம் வாங்கின. அதே வருடம் அக்டோபரில் இந்தியாவுக்கென்று பாரத் என்கேப் தொடங்கியது. நட்சத்திரத்தோடு நிறுத்திவிடாமல் குளோபல் என்கேப் அறிக்கையையும் திறந்து பாருங்கள். மோதலில் உடற்கூடு நிலையாக நின்றதா, இல்லையா என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த வரி எனக்கு நட்சத்திரத்தைவிட முக்கியம்.

மறுபக்கம், சீட் கவர், பெரிய திரை, ரிவர்ஸ் கேமரா, அலாய் சக்கரம், பனி விளக்கு, கலர் விளக்கு எல்லாம் கிருஷ்ணகிரியிலேயே நல்ல கடையில் போட்டுக்கொள்ளலாம். ஒயரை வெட்டி ஒட்டாமல், கம்பெனி சாக்கெட்டிலேயே சொருகும் பொருளாக வாங்க வேண்டும். ஒயரை வெட்டினால் அந்தப் பகுதிக்கு வாரண்டி போய்விடும்.

இரண்டுக்கும் நடுவே சில இருக்கின்றன. சன்ரூஃபைப் பற்றி என் கருத்து நேரானது: தர்மபுரி வெயிலில் வருடத்தில் பெரும்பாலான நாள் அதன் திரையை மூடித்தான் வைத்திருப்பீர்கள். குழந்தைகள் ஆசைப்படுவார்கள், தலையை வெளியே நீட்டுவார்கள். அதுவும் ஆபத்து. அதே வெயிலில், முதுகுக்குக் காற்று வரும் வென்டிலேட்டட் சீட் உண்மையிலேயே பயனுள்ளது. நாளைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவருக்குச் சட்டை நனையாமல் இறங்குவது சின்ன விஷயம் இல்லை.

அடாஸ் என்று ஒன்று சொல்வார்கள். கேமராவோ ரேடாரோ முன்னால் போகும் வண்டியைப் பார்த்து, நாம் பிரேக் பிடிக்கத் தவறினால் தானே பிடிக்கும், கோட்டை விட்டு விலகினால் எச்சரிக்கும். சிட்டி, வெர்னாவில் சில வேரியன்டுகளில் உண்டு. 44ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓட்டுகிறவருக்கு, முக்கியமாக ராத்திரியில், தானாகப் பிடிக்கும் பிரேக் ஒரு உயிரைக் காப்பாற்றலாம். ஆனால் எதிர்த்திசையில் வரும் பைக், கோடே இல்லாத ரோடு இவற்றை அது நம் கண் போலப் புரிந்துகொள்ளாது. அதை நம்பிக் கவனம் குறைப்பவராக இருந்தால் வேண்டவே வேண்டாம். கவனமாக ஓட்டுகிறவர், மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் நெடுஞ்சாலை, என்றால் சன்ரூஃபுக்குக் கொடுப்பதை இதற்குக் கொடுங்கள் என்பேன்.

ஒரு படி ஏறினால் எவ்வளவு

அவன் கொண்டுவந்த தாளில் நடு வேரியன்டின் எக்ஸ் ஷோரூம் விலை, அதாவது சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராத விலை, 12 லட்சம், டாப் 14 லட்சம். "ரெண்டு லட்சம்தானே மாமா" என்றான்.

இரண்டு லட்சம் இல்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புதுக் காருக்கு வாழ்நாள் சாலை வரி 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை 18 சதவீதம். ஆக இரண்டு லட்சத்துக்கு மேல் வரியே 36,000. மொத்தம் 2,36,000, இன்சூரன்ஸ் கூடுவது தனி. அதையும் கடனாகவே வாங்கினால், 9 சதவீத வட்டி, ஏழு வருடம் என்று வைத்தால் மாதம் கிட்டத்தட்ட 3,800 ரூபாய். கட்டி முடிக்கும்போது சுமார் 3,19,000 கொடுத்திருப்பான். சன்ரூஃப், காற்று வரும் சீட், பெரிய அலாய், எட்டு ஸ்பீக்கர், கலர் விளக்கு: அந்தத் தாளில் கூடுதலாக இருந்தவை இவ்வளவுதான். ஏர்பேக்கும் இன்ஜினும் இரண்டு வேரியன்டிலும் ஒன்றே. "இந்த அஞ்சுக்கு மூணு லட்சத்துக்கு மேல கையில எடுத்துக் கொடுப்பியா?" என்று கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

10 லட்சத்தை ஒட்டிய வேரியன்ட் பார்க்கிறவர்கள் இந்த வரிப் படியை இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும். 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை வரி 13 சதவீதம்தான். எக்ஸ் ஷோரூம் 9,95,000 என்றால் சாலை வரி 1,29,350. விலை வெறும் 10,000 கூடி 10,05,000 ஆனால் வரி 1,80,900. பத்தாயிரம் கூடியதற்கு ஐம்பத்தோராயிரத்துக்கு மேல் வரி! அதோடு 10 லட்சத்தைத் தாண்டினால் விற்பவர் 1 சதவீதம் டிசிஎஸ் என்று வருமான வரிக்காகப் பிடிப்பார். அது வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது நமக்குத் திரும்ப வரவோ கழிக்கவோ கூடியது, ஆனால் வாங்கும் நாளில் கையிலிருந்து போகும்.

ஓசூர்க்காரர்கள் சிலர் பெங்களூரு ஷோரூம் விலையையும் ஒப்பிடுவார்கள். ஒப்பிடலாம், தவறில்லை. ஆனால் வண்டியை எங்கே பதிவு செய்கிறோமோ அந்த மாநில வரிதான். வீடு இங்கே, ஓடுவது இங்கே என்றால் கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் ஆர்டிஓ அலுவலகத்தில் தமிழ்நாட்டு வரியைத்தான் கட்டப் போகிறீர்கள். அதனால் எக்ஸ் ஷோரூம் விலையை மட்டும் ஒப்பிட்டால் கணக்குத் தப்பும். கைக்கு வண்டி வரும் முழு விலையை வரிவரியாக எழுதி வாங்குங்கள். அதில் கையாளும் கட்டணம், கட்டாய ஆக்சஸரி என்று ஏதாவது இருந்தால் எடுக்கச் சொல்லலாம். இன்சூரன்ஸை வெளியிலும் எடுக்கலாம், அங்கேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

எப்போது

நம் ஊரில் கார் வாங்கும் நேரத்தைப் பஞ்சாங்கம் தீர்மானிக்கிறது. கார் கம்பெனியின் நேரத்தைக் கணக்குப் புத்தகம் தீர்மானிக்கிறது. இரண்டும் எங்கே விலகுகின்றன என்று பார்த்தால் நமக்கு வழி கிடைக்கும்.

ஆடியில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள், ஷோரூம் காற்று வாங்கும். அதனால் தள்ளுபடி வரும். ஆனால் அதே ஆடியில் பதினெட்டாம் பெருக்கு நல்ல நாள். ஒகேனக்கல்லில் கூட்டம் அலைமோதும் நாள். சாஸ்திரம் பார்க்கிற வீடாக இருந்தாலும் ஆடித் தள்ளுபடியில் விலை பேசி, பதினெட்டு அன்று வண்டி எடுக்கலாம். பெரியவர்கள் மனமும் நோகாது. மாறாக ஆயுத பூஜை, தீபாவளி சமயம் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். விளம்பரத்தில் சலுகை பெரிதாகத் தெரியும். பேரம் பேசும் இடம் சிறியதாக இருக்கும், விரும்பிய கலர் கிடைக்காது.

மார்கழி இன்னும் சுவாரசியமானது. டிசம்பர் பாதியில் மார்கழி பிறக்கிறது, நாம் வாங்குவதை நிறுத்துகிறோம். சரியாக அதே நேரத்தில் அந்த வருடத்தில் தயாரித்த வண்டிகளைத் தீர்த்தாக வேண்டிய அவசரம் கம்பெனிக்கு. ஜனவரி 1 ஆனால் யார்டில் நிற்கும் வண்டி ஒரே ராத்திரியில் போன வருஷ மாடல் ஆகிவிடும். பல கம்பெனிகள் ஜனவரியில் விலையும் ஏற்றும். அதனால்தான் டிசம்பர் கடைசி வாரத்தில் பெரிய தள்ளுபடி.

அந்தத் தள்ளுபடி லாபமா? நீங்கள் எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் வருடமும் இருக்கும். பழைய கார் வாங்குகிறவர் முதலில் கேட்பது "எந்த வருஷ மாடல்?" என்பதுதான். மூன்று நான்கு வருடத்தில் கொடுத்துவிட்டு மாற்றுகிறவருக்கு ஒரு வருடம் பழையதாகத் தெரிவது பெரிய இழப்பு. 80,000 தள்ளுபடி அதற்கே சரியாகப் போய்விடலாம். பத்து வருடம் ஓட்டித் தேய்க்கிறவருக்கு அது பொருட்டே இல்லை, தள்ளுபடியை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பத்து மாதம் வெயிலிலும் மழையிலும் யார்டில் நின்ற வண்டி என்றால் பேட்டரி, டயர், ரப்பர் பட்டை எல்லாம் நன்றாகப் பார்க்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு முந்தைய தயாரிப்பும் பத்து மாதத்துக்கு முந்தையதும் ஒரே "இந்த வருஷ" வண்டிதான், ஆனால் ஒன்றல்ல. தயாரிப்பு மாதத்தைக் கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அதிலேயே பதில் இருக்கிறது.

மார்கழியில் விலை பேசி, தையில் எடுக்கலாமா என்று கேட்பார்கள். கேட்டுப் பார்க்கலாம். ஆனால் பெரும்பாலும் சலுகை பில் போடும் தேதிக்குத்தான். டிசம்பரில் பில், தையில் டெலிவரி என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும் முன்பணம் கொடுங்கள்.

இந்த மாதக் கணக்கைவிடப் பெரியது காரின் வயது. ஒரு மாடல் வந்து மூன்று வருடம் போல ஆனால் முகத்தை மாற்றி ஃபேஸ்லிஃப்ட் விடுவார்கள். ஐந்தாறு வருடத்தில் முழுதாகப் புதிய தலைமுறை வரும். சிட்டியின் ஐந்தாம் தலைமுறை 2020இல் வந்தது, ஃபேஸ்லிஃப்ட் 2023 மார்ச்சில். அதே 2023 மார்ச்சில்தான் வெர்னாவின் புதிய தலைமுறையும் வந்தது. அந்த வருடம் ஜனவரியில் பழைய வெர்னா எடுத்தவரை நினைத்துப் பாருங்கள். இரண்டே மாதத்தில் கண்ணுக்கு முன்னால் அவர் வண்டி பழசு. தெரிந்தே, நல்ல தள்ளுபடியில் எடுத்திருந்தால் சரி. தெரியாமல் முழு விலைக்கு எடுத்திருந்தால் மனம் வலிக்கும். அதனால் வாங்கப் போகும் மாடல் எந்த வருடம் வந்தது என்று முதலில் தேடுங்கள். மாடலின் கடைசிக் காலத்தில் இருந்தால், ஒன்று கணிசமான தள்ளுபடி கேளுங்கள், இல்லை புதிது வரும்வரை பொறுங்கள். அதே சமயம் புத்தம் புதிய தலைமுறையை முதல் மாதத்திலேயே ஓடிப்போய் எடுக்க வேண்டாம் என்பதும் என் எண்ணம். ஆறு மாதம் ஊரில் ஓடட்டும், சின்னச் சின்னக் குறைகள் வெளியே வரட்டும், கம்பெனி சரிசெய்யட்டும்.

வரி மாற்றத்துக்காகக் காத்திருக்கலாமா? 2025இல் நடந்ததைச் சொல்கிறேன். சுதந்திர தினத்தன்று ஜிஎஸ்டி சீர்திருத்தம் வரப்போகிறது என்று பிரதமர் அறிவித்தார். செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. நடுத்தர செடானுக்கு வரியும் செஸ்ஸுமாக 45 சதவீதம் இருந்தது 40 ஆனது. சின்னக் கார்களுக்கு 18 ஆகவே இறங்கியது. அந்த ஐந்து வாரம் பொறுத்தவர்களுக்கு நல்ல லாபம். அரசு வாயால் அறிவிப்பு வந்துவிட்டால் பொறுங்கள். "பட்ஜெட்டுல குறையுமாம்" என்ற டீக்கடைப் பேச்சுக்காகப் பொறுக்காதீர்கள். காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் பழைய வண்டிக்கு நீங்கள் செலவு செய்துகொண்டிருப்பீர்கள்.

மண்டி, மாங்கூழ்த் தொழில், கிரானைட் என்று தொழில் பெயரில் கார் எடுக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. வருமான வரிக் கணக்கில் காருக்கு வருடத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் உண்டு. நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதிதான். அதாவது அக்டோபர் தொடக்கத்துக்குள் வண்டி ஓடத் தொடங்கினால் முழுதும் கிடைக்கும். உங்கள் ஆடிட்டரிடம் தேதியை உறுதி செய்துகொண்டு விலை பேசப் போங்கள்.

அவன் எடுத்தது

இவ்வளவும் பேசி முடித்தபோது அவன் கேள்வி தானாகச் சின்னதாகியிருந்தது. டாப் வேரியன்டில் 80,000 தள்ளுபடி போனாலும் நடு வேரியன்டைவிட ஒன்றரை லட்சத்துக்கு மேல் அதிகம். அது பத்து மாதம் நின்ற வண்டி. அவன் ஐந்து வருடத்தில் மாற்றும் பழக்கம் உள்ளவன். மாடல் மாறப் போகிறது என்ற அறிவிப்பு எதுவும் அப்போது இல்லை. காற்று வரும் சீட்டை விடுவதுதான் எனக்கே மனம் வரவில்லை. அவன் ஓட்டும் தூரத்துக்கு அது வேண்டியதுதான். ஆனால் அந்த ஒன்றுக்காக மற்ற நாலையும் தூக்க முடியாது என்று அவனே சொல்லிவிட்டான்.

பணம் கட்டும் முன் சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம் என்று கேட்கச் சொன்னேன். சில கம்பெனிக்குச் சேலமோ பெங்களூரோ போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு நாள் லீவு போடுவதும் விலையில் சேர்ந்ததுதான். அவன் ஆபீஸிலிருந்து பதினைந்து நிமிடம் என்றான். சரி.

தை மாதம் மூன்றாவது வாரம் வண்டி வந்தது. கையெழுத்துப் போடும் முன் சேஸிஸ் நம்பரைப் பில்லோடு ஒப்பிடவும், ஐந்து டயரிலும் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் படிக்கவும் சொல்லியிருந்தேன். முதல் இரண்டு இலக்கம் வருடத்தில் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம். ஷோரூமிலிருந்தே போன் செய்தான். பின்னால் அக்காவின் குரலும் கேட்டது, பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள் போல.

"மாமா, நாலு டயரும் 4825. ஸ்டெப்னி 4725."

"நாப்பத்தெட்டாவது வாரம், நவம்பர் கடைசி. ஸ்டெப்னி அதுக்கு ஒரு வாரம் முன்ன. வண்டி ஜனவரித் தயாரிப்புன்னா சரிதான். கையெழுத்துப் போடு" என்றேன்.